ஒரு நாள் முந்திக் கேட்ட வெடி

கிட்ட வந்து உட்காருங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட. இது சத்தத்தைப் பற்றின கதை, தள்ளி உட்கார்ந்தால் பாதிதான் காதில் விழும், மீதிப் பாதிக்கு என்னைக் குறை சொல்வீர்கள்.

பழனி மலையின் கீழ்த்தட்டில், காப்பியும் மக்காச்சோளமும் பலாவும் கலந்து கிடக்கிற ஈச்சமேட்டில், நாற்பத்திரண்டு வீடும் ராவுத்தர் டீக்கடை ஒன்றும் நாளைக்கு ரெண்டு தரம் வந்து திரும்புகிற பஸ் ஒன்றும் இருந்த காலத்தில், சடையாண்டி என்று ஒருத்தர் இருந்தார், அவரிடம் ஒரு ரைஃபிள் இருந்தது. அவருடைய அப்பாவைக் காட்டுக்குள் வழிகாட்டக் கூட்டிப் போன வெள்ளைக்காரத் துரை கப்பலேறும்போது விட்டுப்போன துப்பாக்கி அது. பயிர்க் காவலுக்கு என்று லைசென்ஸ் எழுதி, அப்பா பேரிலிருந்து மகன் பேருக்கு மாறி வந்தது. போல்ட்டைப் பின்னால் இழுத்து, தோட்டாவை வைத்து, முன்னால் தள்ளி, கைப்பிடியைக் கீழே மடக்க வேண்டும். ஒரு மடக்குக்கு ஒரு வெடி. சோளம் பால் பிடிக்கிற மாதத்தில் காட்டுப் பன்றி இறங்கினால் ஊரே சடையாண்டியின் வாசலைத்தான் பார்க்கும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு, அதற்குச் சத்தக் கூறு என்று பேர். வெடிச் சத்தம் யார் காதில் விழுந்ததோ, பன்றியில் கத்தி வைப்பதற்குள் அவர் வந்து நின்றுவிட்டால் கறியில் அவருக்கும் ஒரு பங்கு. சொந்தக்காரனா அசலூரானா, பகையா உறவா என்று கேட்கக் கூடாது, கேட்ட காதுக்கு மரியாதை. பன்றியைத் தொடாத இப்ராகிம் ராவுத்தருக்குக்கூட வாழை இலையில் கூறு ஒதுக்குவார்கள், அவர் அந்தப் பக்கம் பார்க்காமலே பஸ் டிரைவருக்கு என்று கை காட்டிவிடுவார். ஆனால் ஒதுக்க மறந்தால் ஒரு வாரத்துக்கு ஊர் பூராவுக்கும் டீ தண்ணியாக வரும்.

இப்படி நடந்து வருகையில் தோட்டா தீர்ந்தது. கட்டைவிரல் தண்டியில் குட்டையாக இருக்கும் அந்தத் தோட்டா, இனி அந்த அளவே வராது, செய்கிறவர்களே நிறுத்திவிட்டார்கள் என்று கீழே கடைக்காரர் கையை விரித்துவிட்டார். இப்போது வருவதெல்லாம் ஒல்லியாக, நீளமாக, சுண்டுவிரலுக்கு மோதிரம் போட்ட மாதிரி இருந்தது. சடையாண்டி ஆபீசுகளுக்கு நடையாக நடந்து, மாற்றிக்கொள்ளலாம் என்று தாள் வாங்கி, அடிவாரத்தில் லேத்துப் பட்டறை வைத்துத் துப்பாக்கி வேலையும் பார்த்துவந்த பாக்கியநாதனிடம் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்.

பாக்கியநாதன் துப்பாக்கியை ரெண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இதுக்கு வேற குழல் போடணும். தோட்டா ஒக்கார்ற எடத்தப் புதுசாக் கடையணும். போல்ட்டு மூஞ்சியச் சிறுசாக்கணும், இல்லேன்னா இந்த ஒல்லித் தோட்டாவ அது பிடிக்காது. எல்லாம் மாத்துனப்பெறகு ஒங்கப்பா துப்பாக்கின்னு சொல்ல பேரு மட்டுந்தான் மிஞ்சும்."

"பேரு போதும்யா," என்றார் சடையாண்டி. "பன்னி என்ன, குழலோட வயசையா கேக்கப் போகுது?"

போல்ட்டின் முகத்தைச் சிறிதாக்க ஒரு பித்தளைப் பூண் வேண்டியிருந்தது. பாக்கியநாதனிடம் அப்போது நல்ல பித்தளை இல்லை. மூடிப்போன ஒரு மில்லின் சங்கு உடைசல் விலைக்கு வந்து பட்டறை மூலையில் கிடந்தது, அதில் ஒரு துண்டை வெட்டிக் கடைந்து போட்டார். ஆள்கள் படுக்கையை விட்டு எழும்ப வேண்டுமே என்று வேலை நேரத்துக்கு முந்தியே ஊதிப் பழகின சங்கு அது, அதனால்தான் அப்படி ஆயிற்று என்று பின்னால் சிலர் சொன்னார்கள். சங்குக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். அதற்கு மேல் ஈச்சமேட்டில் யாரும் அதைப் பற்றி மெனக்கெடவில்லை, சோளம் அறுக்கிற வேலை இருந்தது.

சடையாண்டி துப்பாக்கியைக் கொண்டுவந்த அன்றைக்கு, உச்சிப்பொழுதில், தோட்டா போடாத துப்பாக்கியைச் சுவரில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே கீழே சோளக்காட்டில் வெடிச் சத்தம் கேட்டது. பின்னாலேயே பன்றி ஒன்று வீரிட்டது, நாய் குரைத்தது, அதற்குப் பின்னால் சடையாண்டி இருமினார். வெடி போட்டால் புகைக்கு அவருக்கு இருமல் வரும், ஊருக்கே தெரிந்த இருமல். ஆனால் சடையாண்டி வீட்டுக்குள் ஆணியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றிருந்தார், இருமல் காட்டிலிருந்து வந்தது. ஊர் வாழை இலையோடு ஓடிவந்து பார்த்தது, காட்டில் பன்றியும் இல்லை பன்றி மயிரும் இல்லை. "சடையாண்டி அண்ணே, கறிய ஒளிச்சு வச்சிட்டு ஆணி அடிக்கிறீகளோ?" என்று அடுத்த வீட்டு ஒச்சம்மா கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் அதே உச்சிப்பொழுதில் அதே காட்டில் பன்றி வந்தது. சடையாண்டி சுட்டார். தோள் அதிர்ந்தது, புகை வந்தது, பன்றி வாயைத் திறந்துகொண்டு விழுந்தது, நாய் கழுத்தை நீட்டி நீட்டிக் குரைத்தது, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். எதிலும் சத்தம் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி எல்லாம் நடந்து முடிந்தது. வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்துக்கு அப்படி இருந்து, பிறகுதான் காற்றும் குருவியும் திரும்பக் கேட்டன.

நாலாவது பன்றிக்குள் ஊருக்கு விளங்கிவிட்டது. வெடியும், வெடியை ஒட்டின சத்தமும், ஒரு நாள் முந்தி வந்துவிடுகின்றன, வெடிக்கிற நாளில் வெடி ஊமையாகப் போகிறது. விளங்கினதும் ஊர் செய்த முதல் காரியம் கூட்டம் போட்டது. துப்பாக்கியைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை, கூற்றைப் பற்றிப் பேசினார்கள். முன்னேயெல்லாம் சத்தம் கேட்டு ஓடிவருகிறவனுக்குத்தான் கறி. இப்போது இன்றைக்குக் கேட்டுவிட்டு, நாளைக்குக் குளித்து, தலைசீவி, மசாலாவை அரைத்து வைத்துவிட்டு, இலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார்கள். காலில் பலம் இல்லாமல் ஒரு நாளும் கூறு வாங்கியிராத கிழவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓடிப் பழகின வாலிபப் பயல்களுக்கு இது பொறுக்கவில்லை.

ஊர் மூப்பர் பெருமலை ஒரு பக்கக் காது கேளாதவர். அவர் கேட்டார், "காலுக்கா கூறு, காதுக்கா கூறு?"

"காதுக்கு."

"அப்பறம் என்னடா, பொத்திக்கிட்டு ஒக்காருங்க."

அதோடு அந்த வழக்கு தீர்ந்தது. கீழ்க்காட்டில் வெடி கேட்டால் நாளைக்கு விருந்தாளியை வரச்சொல்லி ஆள் அனுப்புவார்கள். வெடி கேட்டு, பன்றி வீரிடுகிற சத்தம் வராவிட்டால் குறி தப்பப்போகிறது என்று அர்த்தம், அன்றைக்கு யாரும் மசாலா அரைக்க மாட்டார்கள். ஆனாலும் சடையாண்டி மறுநாள் போயாக வேண்டும், தப்பும் என்று தெரிந்தே சாய்ந்து நின்று, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்து, தப்பவிட்டு, சத்தமில்லாமல் இருமிவிட்டு வர வேண்டும். அவர் பெண்சாதி வெள்ளத்தாயி பார்த்துக்கொண்டே இருப்பாள். "நாளைக்குத் தப்பப் போற வெடிக்கு மீசை இன்னைக்கே எறங்கிருச்சே," என்பாள்.

போகாமல் இருந்து பார்த்தால் என்ன என்று ஒரு தரம் சடையாண்டிக்குத் தோன்றியது. வெடி கேட்ட மறுநாள், அடைத்த தோட்டாவோடு துப்பாக்கியைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அந்த நேரத்துக்கு ராவுத்தர் கடையில் போய் உட்கார்ந்து டீ குடித்தார். ஒன்றும் ஆகவில்லை, திரும்பிவந்து மீசையை முறுக்கிக்கொண்டார். ரெண்டு மாதம் கழித்து மாரியம்மன் சாட்டுதலுக்கு வெள்ளத்தாயி பெட்டியைத் திறந்து கல்யாணப் புடவையை உதறினபோதுதான் தெரிந்தது, மடித்து வைத்த ஏழு மடிப்பிலும் ஒரே அளவில் ஏழு ஓட்டை. பெட்டிக்குள்ளேயே வெடித்து, தகரத்தைத் துளைத்து, சுவரில் போய் உட்கார்ந்திருக்கிறது. வெடித்த நாளில் சத்தம் ஏது, யாருக்குத் தெரியும்? இன்னொரு தரம் தோட்டாவை உருவி அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தார். அந்த நேரத்துக்குச் சரியாகப் பன்றி வாசலுக்கே வந்துவிட்டது, பதறின கை தானாகப் பானையைத் துழாவி, போட்டு, மடக்கி, சுட்டுவிட்டது. கேட்ட வெடி நடந்தே தீரும் என்பது அதோடு எல்லோர் மனசிலும் உட்கார்ந்துவிட்டது.

இப்போது கேளுங்கள்.

பலாப் பழுத்த ஆனி மாதம். சாயங்கால பஸ் மேலே ஏறுகிற நேரம். சடையாண்டி மண்வெட்டிக்குக் காம்பு சீவிக்கொண்டிருந்தார், வெள்ளத்தாயி ஆட்டுரலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கீழ்க்காட்டில் வெடி கேட்டது. ஊரே வழக்கம்போல் கையை நிறுத்திப் பன்றியின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தது. பன்றி வீரிடவில்லை. கனமாக ஏதோ பொத்தென்று விழுந்தது. அப்புறம் ஒரு பொம்பளை ஒப்பாரி வைத்தாள்.

"காட்டுக்குக் காவலு போச்சே, எங் கதவுக்குத் தாழு போச்சே, ஏ சடையாண்டி, என்னய ஒத்தையில விட்டியே."

அது வெள்ளத்தாயியின் குரல். வெள்ளத்தாயி குழவியைப் பிடித்தபடி, வாய் மூடி, வீட்டில் உட்கார்ந்திருந்தாள். காட்டில் அவள் குரல் மூன்று தரம் அதையே சொல்லி அழுதது. பிறகு வளைவில் பஸ் ஹாரன் அடித்தது, அதோடு நின்றது. இருமல் கேட்கவில்லை.

அந்த ஊரில் பெண்சாதி புருசன் பேரைச் சொல்ல மாட்டாள். சடையாண்டி கோயில் திருநீறு வேண்டும் என்றால்கூட வெள்ளத்தாயி "அவுக பேரு சாமி திருநீறு" என்றுதான் கேட்பாள். புருசன் பேர் பெண்சாதி வாயில் வருவது ஒரே ஒரு நாள்தான், அவன் பிணமாகக் கிடக்கிற நாள். ஆகவே யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சடையாண்டி சீவின காம்பைக் கீழே வைத்தார். நாளைக்கு இந்த நேரம் அந்தக் காம்பு இருக்கும், மண்வெட்டி இருக்கும், தான் இருக்கப்போவதில்லை என்று நினைத்துப் பார்த்தார். நினைப்பு ஓரளவுக்கு மேல் போகவில்லை. முப்பது வருசத்தில் இன்றைக்குத்தான் அவள் வாயால் தன் பேரைக் கேட்டிருக்கிறோம் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

"குரலு நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

"சும்மா கெடங்க," என்றாள் வெள்ளத்தாயி. மாவு பாக்கி இருந்தது, ஆட்டி முடித்தாள்.

ஊர் கூடிவிட்டது. மலையை விட்டு இறங்கி ஓடிவிடு என்றார்கள் சிலர், துப்பாக்கி அவரை அங்கேயும் தேடி வரும் என்றார்கள் சிலர். பள்ளத்தில் எறிந்துவிடலாம் என்றார்கள், பெட்டிக்குள்ளேயே வெடித்தது பள்ளத்தில் வெடிக்காதா என்றார்கள். ஒச்சம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சடையாண்டியைப் பார்த்துப் பார்த்து அழுதாள். "எண்ணே, கறியக் கிறிய சொன்னதயெல்லாம் மனசுல வச்சுக்கிறாதண்ணே." மூப்பர் பெருமலை கேளாத காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளத்தாயி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ராவுத்தரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, என்ன கேட்டீக?"

"என்னம்மா இப்பிடிக் கேக்குற, ஒலகமே கேட்டுச்சே."

"ஒலகத்த விடுங்க. ஒங்க காதுல விழுந்தத வரிசையாச் சொல்லுங்க."

ராவுத்தர் சொன்னார். வெடி, பொத், அழுகை, ஹாரன். ஒச்சம்மா சொன்னாள், வெடி, பொத், அழுகை மூணு தரம், ஹாரன். பொத்தென்று விழுந்தது முதலில் எதிலோ உரசிக்கொண்டு வந்து விழுந்தது, தழை முறிகிற சத்தம் இருந்தது என்று பலாமரத்துப் பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான். வெள்ளத்தாயி எல்லோரையும் கேட்டாள், மூப்பரை அவருடைய நல்ல காதுப் பக்கம் போய் நின்று கேட்டாள். கேட்டு முடித்துச் சொன்னாள்.

"எல்லாரும் கேட்டீக. ஒருத்தரும் பாக்கல."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"நாளைக்கு அந்த நேரத்துல கீழ்க்காட்டுல ஒரு வெடி வெடிக்கணும், கனமா ஒண்ணு மேல இருந்து விழணும், நான் அழுகணும், பஸ்ஸுக்காரரு ஹாரன் அடிக்கணும், இவரு இருமக் கூடாது. இவ்வளவுதான சத்தம்? இதுல இவரு சாகணும்னு எந்தச் சத்தம் சொல்லுச்சு?"

"பேரச் சொல்லி அழுதியே தாயி," என்றார் மூப்பர்.

"அழுறேன்," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் ஊர் முழுக்கக் கீழ்க்காட்டு மேட்டில் வரிசையாக நின்றது. காட்டோரத்துப் பலாமரத்தில், ரெண்டு ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரு ஆட்டுக்குட்டி தண்டிக்கு ஒரு பழம் தொங்கியது. சடையாண்டி அதன் காம்புக்குக் குறி பார்க்க வேண்டும், சுட்டதும் துப்பாக்கியைத் தள்ளிப் போட்டுவிட்டு மல்லாக்கப் படுத்துவிட வேண்டும், வெள்ளத்தாயி அவர் மேல் கல்யாணப் புடவையைப் போர்த்துவாள், அவர் இருமக் கூடாது. "இருமுனீகன்னா எனக்குச் சிரிப்பு வந்துரும்," என்றாள். "அப்பறம் எங்கிட்டு அழுகுறது?"

"புகை போயிரும்ல, அடக்கிக்கிறேன்."

"மூச்சே விடாதீக."

பஸ் கீழே ரெண்டாவது வளைவில் தெரிந்தபோது சடையாண்டி போல்ட்டைத் தள்ளி மடக்கினார். ஒரு கண்ணை மூடிக் காம்பைப் பார்த்தார். சுட்டார். தோள் அதிர்ந்தது, சத்தம் இல்லை. பலாப்பழம் காம்பு அறுந்து, கிளையில் உரசி, தழையை முறித்துக்கொண்டு வந்து மண்ணில் விழுந்தது. அதுவும் சத்தமில்லை. மேட்டில் நின்றவர்கள் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள், ரெண்டு சத்தம் நேற்றுப் போய்ச் சேர்ந்துவிட்டது. சடையாண்டி படுத்தார். புடவை அவர் மேல் விழுந்தது. அதன் ஓட்டைகளில் ஒன்று அவர் கண்ணுக்கு நேரே வந்து நின்றது, அதன் வழியாக ஒரு துண்டு வானமும் வெள்ளத்தாயியின் முகமும் தெரிந்தன.

"காட்டுக்குக் காவலு போச்சே, கதவுக்குத் தாழு போச்சே, ஏ எம் புருசா," என்று அழுதாள் வெள்ளத்தாயி.

சத்தமாகக் கேட்டது. காடு முழுக்கக் கேட்டது.

மேட்டில் ஒரு முனகல் எழுந்தது. நேற்றுக் கேட்ட சத்தம்தான் இன்றைக்கு ஊமையாகும், இன்றைக்குக் கேட்கிற அழுகை நேற்றுப் போன அழுகை இல்லை. நேற்றுப் போனது இன்னும் வர வேண்டியிருக்கிறது, அதற்கு ஒரு பிணம் வேண்டியிருக்கிறது. புடவைக்கடியில் சடையாண்டிக்கு அது விளங்கியது. தொண்டைக்குள் புகை நின்றுகொண்டு பூனை மாதிரிப் பிறாண்டியது. அவர் மூச்சை இழுக்கவில்லை. இனி இழுத்தால் இருமல்தான் வரும். நெஞ்சு கல்லாகி, காதுக்குள் இரத்தம் இரைந்து, கை விரல் மண்ணைப் பிடித்தது, பிறகு பிடி விட்டது. ஓட்டை வழியாக வெள்ளத்தாயியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாய் ரெண்டு தரம் திறந்து மூடியது. பேர் வரவில்லை. முப்பது வருசமாக அடைத்து வைத்த பேர் அழைத்ததும் வந்துவிடுமா? பஸ் கடைசி வளைவுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து, புடவை ஏறி இறங்குகிறதா என்று அவர் நெஞ்சைப் பார்த்தாள். ஏறவில்லை. இறங்கவில்லை. அவள் முகத்தில் எதுவோ மாறியது.

அதன் பிறகு அவள் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ரெண்டு கையாலும் மாரில் அடித்தாள். ஒரு துளிச் சத்தம் இல்லை. அவள் உதட்டில் தன் பேர் ஒவ்வொரு எழுத்தாகக் கடந்து போவதை சடையாண்டி பார்த்தார். மூன்று தரம். மேலே வளைவில் பஸ் டிரைவர் ஹாரனை அமுக்கினார், அமுக்கினார், ஒன்றும் கேட்கவில்லை, கெட்டுப்போய்விட்டது என்று இறங்கி மூடியைத் திறந்து பார்த்தார்.

வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம். அப்புறம் காற்று கேட்டது. குருவி கேட்டது. புடவைக்கடியிலிருந்து சடையாண்டி இருமினார், ஊருக்கே தெரிந்த இருமல், குடலே வெளியே வருகிற மாதிரி இருமினார், அந்த இருமலைக் கேட்டு நாற்பத்திரண்டு வீட்டு ஜனமும் ஒரே நேரத்தில் சிரித்தது. வெள்ளத்தாயி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கத்திக்கு எண்ணெய் தடவி, பலாப்பழத்தைக் கீறினாள். சத்தம் கேட்டவர்களுக்குக் கூறு கொடுக்க வேண்டுமல்லவா? ராவுத்தர் முதல் முறையாகத் தன் கூற்றைத் தானே வாங்கி, அங்கேயே நின்று தின்றார். டிரைவருக்கு ரெண்டு சுளை.

"அப்ப எதய நெனச்ச?" என்று வீட்டுக்குப் போகிற வழியில் சடையாண்டி கேட்டார்.

"ஒங்கம்மாள நெனச்சேன், அழுக தானா வந்துருச்சு," என்றாள்.

அன்றைக்கு நடுச்சாமம் வரை ஊர் பேசாமல் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது, வெள்ளத்தாயி அப்படித்தான் சொல்லியிருந்தாள். வெடி எதுவும் கேட்கவில்லை. "இன்னைக்குக் கேக்கலேன்னா நாளைக்கு வெடிக்காது," என்றாள். "நாளைக்கு ஒரு நாளு அது வெறும் இரும்பு. பிரிச்சுருங்க." மறுநாள் சடையாண்டி குழலையும் கட்டையையும் பிரித்து, லைசென்ஸோடு கீழே போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்தார். போல்ட் எங்கே என்று கேட்டார்கள். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார், போல்ட் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் பன்றிக்குத் தகரம் தட்டினார்கள், முள்வேலி போட்டார்கள், பன்றி தின்றது போக மிச்சத்தை அறுத்தார்கள்.

போல்ட்டை வெள்ளத்தாயி ஆட்டுப் பட்டிக் கதவுக்குத் தாழ்ப்பாளாக வைத்துவிட்டாள். கதவில் ஒரு வளையம், கம்பத்தில் ஒரு வளையம், நடுவே தள்ளி, கைப்பிடியைக் கீழே மடக்கினால் சிறுத்தை வந்து நகத்தால் இழுத்தாலும் திறக்காது. சாயங்காலம் பதினோரு ஆட்டையும் உள்ளே விட்டுவிட்டு அவள் அதை மடக்குவாள். மடக்குகிறபோது ஒரு சத்தம் கேட்கும், டக் என்று, அது நாளைக்கு மடக்கப்போகிற சத்தம். இன்றைக்கு மடக்கினது நேற்றே கேட்டுவிட்டது. வாசல் கல்லில் உட்கார்ந்திருக்கிற சடையாண்டியும் அதைக் கேட்பார். கேட்டுவிட்டு ரெண்டு பேரும் சாப்பிடப் போவார்கள். அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோதும், மகளுக்குப் பேறுகாலம் பார்க்க அவள் கீழே போயிருந்தபோதும் சடையாண்டி மடக்கினார், டக் என்றது. மழையிலும் டக் என்றது. பத்தொன்பது வருசம் அப்படிப் போயிற்று. அதைப் பற்றி அவர்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

ஒரு நாள் தை மாதம், வெயில் மஞ்சளாக இறங்கியிருந்த பொழுதில், வெள்ளத்தாயி ஆட்டையெல்லாம் உள்ளே விட்டு, போல்ட்டைத் தள்ளி மடக்கினாள். சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றாள்.

"என்ன, மடக்கலையா?" என்று வாசல் கல்லிலிருந்து சடையாண்டி கேட்டார்.

"மடக்கியாச்சு."

"எனக்குக் கேக்கலையே."

"ஒங்களுக்குக் காது மந்தமாயிட்டு வருது."

"அப்பிடியா," என்றார். காதுக்குள் சுண்டுவிரலை விட்டு ஆட்டிப் பார்த்துக்கொண்டார். மூப்பருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளத்தாயி தாழ்ப்பாளைத் திரும்பத் திறந்தாள். ஆடுகளை வெளியே விட்டு, முன்னால் போகிற கிடாயின் காதைப் பிடித்துக்கொண்டு, பதினொன்றையும் ஒச்சம்மா வீட்டுப் பட்டிக்கு ஓட்டிப் போனாள். ஒச்சம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி, ஒங்க பட்டிக்கு என்ன வந்துச்சு?"

"ரெண்டு நாளைக்கு இங்க நிக்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் அங்க அடைக்க ஆளு இருக்காது. சிறுத்தை வேற சுத்துது."

"ஊருக்குப் போறீகளா? அண்ணனுமா?"

"அவரு இருப்பாரு. எந் தலமாட்டுல ஒக்காந்திருக்கறவருக்கு ஆட்டு நெனப்பு இருக்காது."

ஒச்சம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். வெள்ளத்தாயி கடைசி ஆட்டை முதுகில் தட்டி உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, கயிற்றை ரெண்டு முடிச்சாகப் போட்டு, அவிழ்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.